பெருந்தொற்றுக் காலத் தலைமை பற்றி இவ்வளவு ஆய்வு வந்திருக்கிறதே, கேட்டில் நின்ற சூப்பர்வைசர் எங்கே?

வியாசர்பாடி கோபி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. பகலில் மாதவரம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை, ராத்திரியில் பிஎச்டி. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுவனத் தலைமை பற்றிய ஆய்வுகள் எந்தப் பக்கம் போயின என்று ஒரு அத்தியாயம் எழுதச் சொல்லியிருக்கிறார் கைடு. படித்ததை இங்கே கொட்டுகிறேன். திட்டுகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் அளவு. 2021 ஆகஸ்ட் 1 வரைக்கும் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இருந்ததை அயோனிடிஸ் குழு எண்ணிப் பார்த்ததில் கோவிட் பற்றி 2,10,183 வெளியீடுகள், எழுதியவர்கள் 7,20,801 பேர். அறிவியலை 174 உட்துறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாத் துறையிலிருந்தும் யாரோ ஒருவர் கோவிட் பற்றி எழுதிவிட்டார். மேலாண்மைக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா?

2020-இல் வந்தது பெரும்பாலும் அறிவுரை. ஏப்ரலிலேயே ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் மைக்கேலா கெரிசியும் ஏமி எட்மண்ட்சனும் எழுதிவிட்டார்கள். மார்ச் 11 அன்று அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கை நிறுத்திய ஆடம் சில்வர், மார்ச் 21 அன்று நான்கு நிலை எச்சரிக்கை முறையை மக்களுக்கு விளக்கிய அப்போதைய நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், இந்த இரண்டு பேர்தான் உதாரணம். முழுத் தகவல் வரும் வரை உட்கார்ந்திருக்காதே, தெரிந்தது தெரியாதது இரண்டையும் ஒளிக்காமல் சொல், தப்பு நடந்தால் மாற்றிக்கொள். நல்ல கட்டுரைதான், ஆனால் தொற்று வந்து சில வாரத்திலேயே நல்ல தலைமை எது என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது, அப்புறம் வந்தவர்கள் பலர் அதையே மேற்கோள் காட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்தது கூகுள் ஃபார்ம் வெள்ளம். ஊரடங்கில் களத்துக்குப் போக வழியில்லை, அதனால் ஒரே ஆளிடம் ஒரே மூச்சில் ‘உங்கள் மேலாளர் எப்படி?’ ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ என்று இரண்டையும் கேட்டு, அதனால்தான் இது என்று நடுவில் ஒரு அம்புக்குறி. பாட்சாகாஃப் குழு 2003-லேயே இந்த ஓட்டையைப் பற்றி விரிவாக எழுதியாகிவிட்டது. மனசு நன்றாக இருக்கிற நாளில் மேலாளரும் நல்லவராகத்தான் தெரிவார்.

2022-க்குப் பிறகு பாதி வீடு பாதி ஆபீஸ் என்கிற ஹைப்ரிட், பணிச்சோர்வு, அதோடு ஆய்வுகளைப் பற்றிய ஆய்வுகள். லைடன் பல்கலைக்கழகத்து வாஸ்வியூவர் மென்பொருளில் கட்டுரைகளின் குறிச்சொற்களைப் போட்டால் கலர் கலராகக் குமிழ்கள் வரும். அந்தக் குமிழ்களில் பிரதமர் இருக்கிறார், சிஇஓ இருக்கிறார், பள்ளித் தலைமையாசிரியர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், வீட்டிலிருந்து லேப்டாப் தட்டியவர் இருக்கிறார். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு கேட்டில் தெர்மல் கன்னைப் பிடித்துக்கொண்டு, யாரை உள்ளே விடுவது யாரை வீட்டுக்கு அனுப்புவது, அனுப்பினால் அவனுக்கு அன்றைய கூலி உண்டா என்று தனியாக முடிவெடுத்த சூப்பர்வைசரைத் தேடிப் பார்க்கிறேன், ஆள் அகப்படவே மாட்டேன் என்கிறார்.

பெரம்பூர் டீம்லீட்

தம்பி, ஃபார்ம் ஆய்வுகளைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 2020-க்குப் பிறகு வந்த உருப்படியான மாற்றத்தையே விட்டுவிட்டீர்கள். யார் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்காமல் காலண்டரையும் மெயிலையும் எடுத்து எண்ண ஆரம்பித்தார்கள் இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

16 நகரங்கள், 21,000-க்கு மேல் நிறுவனங்கள், 31 லட்சத்துக்கு மேல் ஆட்கள், இவர்களுடைய மீட்டிங் தரவை 2020-லேயே டிஃபிலிப்பிஸ் குழு பார்த்தது. மீட்டிங் எண்ணிக்கை 12.9 சதவீதம் கூடியது, ஒவ்வொன்றின் நீளம் 20.1 சதவீதம் குறைந்தது, வேலைநாள் சராசரியாக 48.5 நிமிடம் நீண்டது. மைக்ரோசாஃப்டில் 61,182 அமெரிக்க ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2021-இல் வந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போனதும் குழுக்கள் தனித்தனித் தீவாகிவிட்டன, வேறு குழு ஆட்களோடு செலவழித்த நேரத்தின் பங்கு முன்பு இருந்ததில் கால்வாசி போய்விட்டது.

எனக்கு உறைத்தது கிப்ஸ், மெங்கல், சீம்ரோத் மூவரும் செய்தது. ஆசியாவின் ஒரு பெரிய ஐடி நிறுவனம், 10,000-க்கு மேல் ஆட்கள். வேலை நேரம் கூடியது, வெளியீடு கூடவில்லை, உற்பத்தித்திறன் 8-லிருந்து 19 சதவீதம் வரை விழுந்தது. அதை மட்டும் படித்துவிட்டு ‘பார்த்தியா, ஆபீசுக்கு வா’ என்று எங்கள் மேனேஜர்கள் ஃபார்வர்ட் பண்ணினார்கள். கீழே அந்த ஆய்வே சொல்கிற விஷயம், மேலாளர் தனியாக உட்கார்ந்து பேசும் சந்திப்பும் சொல்லிக்கொடுப்பதும் குறைந்துபோனது. ஒருங்கிணைப்பு மீட்டிங் மட்டும் ஏறிக்கொண்டே போனது. எங்கள் டீமில் அப்படியேதான் நடந்தது. தினமும் காலை கால், சாயங்காலம் கால், ‘கேமராவை ஆன் பண்ணுங்க’, ஸ்டேட்டஸ் ஷீட். ஒரு பையனுக்கு வீட்டில் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள் என்பது அவன் ராஜினாமா மெயில் போட்டபோதுதான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

இன்னொன்றையும் சேருங்கள். சீனாவில் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு வாரம் இரண்டு நாள் வீட்டு வேலை கொடுத்துப் பார்த்த சோதனை 2024-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். மேலாளர்களிடம் சோதனைக்கு முன் கேட்டபோது உற்பத்தி 2.6 சதவீதம் விழும் என்றார்கள், முடிந்ததும் அதே ஆட்கள் 1 சதவீதம் கூடும் என்றார்கள். மேலாளர் மனம் மாறுவதையே அளந்திருக்கிறார்கள், தலைமை ஆய்வில் இதெல்லாம் அபூர்வம்.

வியாசர்பாடி கோபி

அண்ணா, பிரமாதம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், நீங்கள் சொன்ன ஒவ்வொன்றிலும் இருப்பவர் லேப்டாப் வைத்திருப்பவர். காலண்டரில் பெயர் இல்லாதவன் காலண்டர் தரவில் எப்படி வருவான்? எங்கள் கிடங்கில் லோடு இறக்குகிறவர்களுக்கு கம்பெனி மெயில் ஐடியே கிடையாது.

கண்ணதாசன் நகர் எதிர்க்கட்சி

நான் வழக்கம்போல எதிர்ப்பக்கம்.

தலைமையே பெரிய விஷயமா என்பதுதான் முதல் கேள்வி. மைண்டல், எர்லிக், டுகெரிச் மூன்று பேரும் 1985-இல் எழுதியதை இந்தக் கோவிட் கட்டுரைக்காரர்கள் பலர் வசதியாக மறந்துவிட்டார்கள். ஒரு நிறுவனம் அமோகமாக ஜெயித்தாலும் அடியோடு விழுந்தாலும் நமக்குக் காரணம் கேட்டு மனசு அரிக்கும், உடனே தலைவர் தலையில் கட்டிவிடுவோம். பெருந்தொற்று என்றால் எல்லாமே உச்சம்தானே, எல்லாப் பழியும் எல்லாப் புகழும் ஒரு முகத்துக்கு. 2020 ஜூன் 12 அன்று இங்கே சுகாதாரத் துறைச் செயலாளரை மாற்றியபோது டீக்கடையிலும் டிவியிலும் என்ன பேசினோம் என்று யோசியுங்கள். நோய்க் கணக்கு ஏறுவதும் இறங்குவதும் ஒரு ஐஏஎஸ் நாற்காலியில் இருப்பதுபோலத்தான் பேசினோம்.

பெண் தலைவர்கள் சமாச்சாரமும் அப்படித்தான். கரிகிபாட்டியும் கம்பம்பாட்டியும் 194 நாடுகளை எடுத்து, பெண்கள் ஆளும் நாடுகள் முதல் சில மாதத்தில் தொற்றிலும் சாவிலும் மேலாக இருந்தன என்றார்கள். அதே 2020 கடைசியில் வின்சர் குழு வேறு மாதிரி பார்த்தது, தலைவர் ஆணா பெண்ணா என்பதால் சாவு எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றது. முதல் ஆய்வில் பெண் தலைவர்கள் 19 பேர்தான், அதுவும் 2020 மே வரைக்குமான கணக்கு. அதற்கப்புறம் டெல்டா வந்தது, எத்தனை ‘நல்ல உதாரணம்’ நாடுகள் தலைகீழாயின! பாதி ஆட்டத்தில் கோப்பையைக் கொடுத்துவிட்டு விமர்சனம் எழுதியிருக்கிறார்கள்.

கோபி, உங்கள் சூப்பர்வைசரையும் இப்படி ஹீரோ ஆக்கிவிடாதீர்கள், அதுதான் என் பயம். மேலே இருந்த சிலையை இறக்கிவிட்டு கேட்டில் ஒன்றை வைப்பது ஆய்வு ஆகாது.

ராயபுரம் சிஸ்டர்

எதிர்க்கட்சி சார் தலைமை பெரிய விஷயமா என்று கேட்கிறார். வார்டில் ஒரு ஷிஃப்ட் நின்று பார்த்துவிட்டு வந்து கேளுங்கள் சார்.

நான் இருந்த மருத்துவமனை பெயர் வேண்டாம். 2020 மே, ஜூன், ராயபுரம் மண்டலம்தான் சென்னையிலேயே கணக்கில் முன்னால் நின்ற நேரம். பிபிஇ போட்டால் யார் யார் என்றே தெரியாது, அதனால் முதுகிலும் நெஞ்சிலும் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். பெயரோடு சிலர் ‘டாக்டர்’ என்றும் எழுதிக்கொள்வார்கள். எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் அக்கா பெயரை மட்டும் எழுதச் சொன்னார், எல்லாருக்கும். அப்புறம் என்ன ஆனது தெரியுமா, ஆக்சிஜன் அளவு இறங்குகிறது என்று ஒரு ஹவுஸ்கீப்பிங் பையன் கத்தினால்கூட கிட்டே நிற்பவர் யாரானாலும் திரும்பிப் பார்த்தார்கள். யார் கத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்புவது நின்றது.

இது புதுசு இல்லை, ஆய்வே இருக்கிறது, கோபி குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு விபத்துச் சிகிச்சைப் பிரிவில் கேத்தரின் க்ளைன் குழு செய்து 2006-இல் வெளியிட்டது. அங்கே தலைமை ஒரு ஆளிடம் ஒட்டிக்கொண்டிருக்காது, நோயாளி நிலைமையைப் பொறுத்து சீனியர் மருத்துவர் ஜூனியரிடம் கொடுப்பார், மோசமானால் திரும்ப வாங்கிக்கொள்வார். படிநிலையும் இருக்கும், கை மாறவும் மாறும்.

கோவிட்டுக்கென்று வந்ததில் எனக்குப் பிடித்தது ஷானஃபெல்ட், ரிப், ட்ராக்கெல் மூவரும் 2020-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியது. தொற்றின் முதல் வாரத்திலேயே மருத்துவர், நர்ஸ் என்று 69 பேரைச் சின்னச் சின்னக் கூட்டமாக உட்கார வைத்து என்ன கவலை என்று கேட்டார்கள். ஐந்து கோரிக்கையாகச் சுருக்கியிருக்கிறார்கள்: நான் சொல்வதைக் கேள், என்னைப் பாதுகாத்துக்கொள், என்னைத் தயார்படுத்து, எனக்குத் துணை நில், எனக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள். எங்களுக்கு மாடியிலிருந்து கைதட்டினார்கள், பூ தூவினார்கள். இந்த ஐந்தில் அது இல்லை.

திருவொற்றியூர் ஃபிட்டர் (ஓய்வு)

சிஸ்டர் சொன்ன முதல் கோரிக்கை இருக்கிறதே, நான் சொல்வதைக் கேள் என்பது, அதை எங்கள் பக்கம் எப்படிக் கேட்க வைத்தோம் என்று சொல்கிறேன்.

2021 மே, இரண்டாவது அலை. ஊரே மூடிக் கிடக்கிறது, கார் கம்பெனிகளுக்கு மட்டும் தொடர் உற்பத்தி என்று அனுமதி. ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது, லைனில் இடைவெளி விட முடியவில்லை என்று. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் தொழிலாளர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள், அப்புறம்தான் மே 25-இலிருந்து ஐந்து நாள் மூடினார்கள். அசெம்பிளி லைனில் நின்றவனுக்குத் தெரியும், வண்டி ஓடுகிற வேகத்துக்கு இரண்டு பேர் ஒரே கதவுக்குள் தலையை விட்டுத்தான் ஆகவேண்டும். இரண்டு வண்டிக்கு நடுவில் ஒரு இடத்தைக் காலியாக விட்டால் இடைவெளி கிடைக்கும், உற்பத்தி குறையும். அந்தக் காலி இடத்தை விடுவதா வேண்டாமா என்பதற்குத்தான் கோர்ட்டு வரை போகவேண்டி வந்தது. கோபி, உன்னுடைய தலைமை ஆய்வுகளில் இது எங்கேயாவது வந்திருக்கிறதா? தொழிலாளர் சட்டம், தொழிலுறவு என்று வேறு ஏதாவது அலமாரியில் இருக்கும்.

இங்கே 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது பெரம்பூர் பி அண்ட் சி மில் ஆட்களுக்காக, வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். அதே வருஷம்தான் இன்ஃபுளுவென்சாவும் வந்தது. மில்லுக்குள் அந்த மாதங்கள் எப்படி நகர்ந்தன என்று யாராவது உட்கார்ந்து தேடினால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இது சும்மா இடையில் சொன்னது.

பெரம்பூர் டீம்லீட்

ஐயா, மேலாண்மைப் படிப்பில் ஊழியர் குரல் என்று ஒரு தனி ஆய்வுத்துறையே இருக்கிறது.

திருவொற்றியூர் ஃபிட்டர் (ஓய்வு)

இருக்கிறது தம்பி, என் பெண் எம்பிஏ, அவள் காட்டினாள். அதில் பாதிக்கு மேல், கம்பெனிக்கு நல்லதாக ஊழியர் தானாக முன்வந்து சொல்லும் யோசனையைத்தான் குரல் என்று வைத்திருக்கிறார்கள். பேரி, வில்கின்சன் என்று இரண்டு பேர் 2016-இல் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள், சங்கம், குறைதீர்ப்பு, வேலைநிறுத்தம் எல்லாவற்றையும் வெளியே நிறுத்திவிட்டு இதற்குக் குரல் என்று பெயரா என்று. ஆலோசனைப் பெட்டியில் சீட்டு போட்டால் குரல், கேட்டில் உட்கார்ந்தால் சத்தமா?

கொருக்குப்பேட்டை மலர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் ஆய்வெல்லாம் படித்தவள் இல்லை, பி.காம். 2020-இல் வீடு வீடாகக் காய்ச்சல் கேட்கப் போன பெண்களில் நானும் ஒருத்தி. ஒப்பந்த வேலை, இடம் பெயர் எதுவும் வேண்டாம்.

கையில் ஒரு நோட்டு, ஒரு தெர்மல் கன், ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர். குடியிருப்பு வாரிய பிளாக்கில் மூன்றாவது மாடி வரை ஏறி, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா இருமலா என்று கேட்கவேண்டும். யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் ஸ்வாப், பாசிட்டிவ் வந்தால் ஆம்புலன்ஸ், அப்புறம் வாசலில் தகரம், பதினான்கு நாள் வேலைக்குப் போக முடியாது, தண்ணீர் பிடிக்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாராசிட்டமால் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், கன்னில் 97 காட்டும், நான் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு இறங்குவேன்.

முதலில் இருந்த சூப்பர்வைசருக்கு ‘இல்லை’ என்று எழுதினால் சந்தோஷம். தெருவில் நாலு ‘ஆம்’ வந்தால் ‘என்னம்மா, உன் தெருவில் மட்டும் ஏறுது?’ என்பார், என்னவோ நான் கொண்டுபோய் வைத்த மாதிரி. நாங்களும் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தோம். பிறகு ஒரு அண்ணன் வந்தார். சாயங்காலம் நோட்டை வாங்கினால் முதலில் ‘இன்னைக்கு எந்த வீடு கதவைத் திறக்கலை?’ என்றுதான் கேட்பார். அந்த வீடுகளுக்கு மறுநாள் அவரும் வருவார், கபசுரக் குடிநீரும் ஒரு மூட்டை அரிசிக்கு யாரைப் பிடிக்கவேண்டும் என்ற தகவலும் எடுத்துக்கொண்டு. அப்புறம் என் தெருவில் ‘ஆம்’ ஏறியது. ஏறியதைப் பார்த்து மேலேயிருந்து அவருக்குத்தான் திட்டு விழுந்தது.

எதிர்க்கட்சி அண்ணா சொல்கிற மாதிரி அவரை ஹீரோ ஆக்கவில்லை, சம்பளப் பாக்கி விஷயத்தில் அவர் எங்களுக்காக வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் நோட்டில் இருந்த கணக்கு இவர் வந்ததும் மாறியது, இது நான் பார்த்தது.

வியாசர்பாடி கோபி

மலர் அக்கா, நீங்கள் இப்போது சொன்னதுதான் எட்மண்ட்சன் ஆரம்பித்த இடமே. 1996-இல் அவர் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை எண்ணினார். நல்ல குழு உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. பயமில்லாமல் எழுதினார்கள், அதனால் எண்ணிக்கை கூடித் தெரிந்தது. 1999-இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து இதை விரிவாகச் செய்தார், பயமில்லாமல் வாயைத் திறக்கலாம் என்கிற நம்பிக்கைக்கு உளப் பாதுகாப்பு என்று பெயர் நிலைத்தது அதிலிருந்துதான். அவரே 2020-இல் சில்வரையும் ஆர்டெர்னையும் உதாரணம் காட்டி எழுதப் போய்விட்டார், மேடையில் பேசுகிறவர்களை.

உங்கள் முதல் சூப்பர்வைசருக்கும் ஒரு கட்டுரை உண்டு, ஸ்டா, சாண்டலேண்ட்ஸ், டட்டன், 1981. ஆபத்து வந்தால் நிறுவனம் இறுகிப்போகும், தகவல் வரும் வழி குறுகும், அதிகாரம் மேலே குவியும், பழைய வழக்கத்தையே இன்னும் அழுத்தமாகச் செய்வார்கள்.

இப்போது எனக்கு ஒரு வழி தெரிகிறது. டீம்லீட் அண்ணன் சொன்ன குறைந்துபோன தனிச் சந்திப்பு, சிஸ்டர் சொன்ன மார்க்கர் பெயர், ஐயா சொன்ன கோர்ட்டு, அக்காவின் நோட்டு, எல்லாமே கெட்ட செய்தி கீழேயிருந்து மேலே போகிறதா என்கிற சங்கதி. ஆய்வுகளோ தலைவர் கீழே பார்த்து என்ன பேசினார், எவ்வளவு உருக்கமாகப் பேசினார் என்பதை அளந்து அளந்து வைத்திருக்கின்றன. சூப்பர்வைசர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கைக்கு வந்த தகவலை என்ன செய்தார் என்று கேட்டால் எதிர்க்கட்சி அண்ணன் பயப்படும் சிலையும் வராது.

கண்ணதாசன் நகர் எதிர்க்கட்சி

இது பரவாயில்லை. ஆனால் எப்படி அளப்பீர்கள்? மலர் அம்மா தெருவில் ‘ஆம்’ ஏறியது அண்ணன் வந்ததாலா, நிஜமாகவே தொற்று ஏறியதாலா? அந்த 2020 ஜூன் 19-இலிருந்து 30 வரை முழு ஊரடங்கு போட்டதே ஊரெல்லாம் ஏறியதால்தான். இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? அன்டோனாகிஸ் குழு 2010-இலிருந்து தலைமை ஆய்வாளர்கள் காதில் இதைத்தான் ஊதிக்கொண்டிருக்கிறது. ஆட்களைக் குலுக்கிப் பிரிக்க முடியாவிட்டால் குறைந்தபட்சம் இயல்பாக நடந்த மாற்றத்தையாவது பிடியுங்கள்.

ராயபுரம் சிஸ்டர்

சூப்பர்வைசர் மாறியதே இயல்பான மாற்றம்தானே சார். ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துத் தெரு, ஒன்றில் ஆள் மாறினார், இன்னொன்றில் மாறவில்லை. நோய் இரண்டு தெருவிலும் ஒரே மாதிரிதான் சுற்றியிருக்கும்.

பெரம்பூர் டீம்லீட்

மாறிய தேதி வேண்டும், இரண்டு தெரு நோட்டும் வேண்டும். ஐந்தாறு வருஷம் கழித்துப் போய் ‘அப்போ எப்படி இருந்தது?’ என்று பேட்டி எடுத்தால் எல்லாரும் நல்லவராகிவிடுவார்கள், அதை மட்டும் நம்பாதே தம்பி.

கொருக்குப்பேட்டை மலர்

நோட்டெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆனால் தினமும் சாயங்காலம் எண்ணிக்கையை வாட்ஸ்அப் குரூப்பில் போடவேண்டும், தெரு பெயரோடு. பழைய போன் இன்னும் இருக்கிறது, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். அந்த முதல் சூப்பர்வைசர் குரூப்பை விட்டு வெளியேறியது, இந்த அண்ணனைச் சேர்த்தது எல்லாம் தேதியோடு அதில் இருக்கும்.

வியாசர்பாடி கோபி

அக்கா!! சார்ஜ் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். எனக்கு எதையும் ஃபார்வர்ட் பண்ணாதீர்கள், அதில் வீட்டு நம்பரும் நோயாளி பெயரும் இருக்கலாம். குரூப்பில் இருந்த மற்றவர்களிடமும் சம்மதம் கேட்கவேண்டும், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் முதலில் அனுமதி வாங்கவேண்டும். எத்தனை பேர் அந்தக் குரூப்பில்? பாதிப் பேராவது இன்னும் இதே ஏரியாவில் இருக்கிறார்களா?

கொருக்குப்பேட்டை மலர்

நிறையப் பேர் இங்கேதான். இரண்டு பேர் கண்ணகி நகர் போய்விட்டார்கள், அவர்கள் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஆனால் தம்பி, சம்மதம் கேட்கப் போகும்போது நீங்களும் வாருங்கள். முதல் சூப்பர்வைசரிடமும் கேட்பீர்கள்தானே? அவர் இப்போது புது வண்ணாரப்பேட்டையில் மொபைல் கடை வைத்திருக்கிறார். அவர் பக்கத்தில் என்ன நெருக்கடி இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது, மேலேயிருந்து அவருக்கு என்ன மெசேஜ் வந்தது என்பது அவர் போனில்தான் இருக்கும்.